மண் நுழையாத பானைக் குகை

நாணல் குட்டையில் தண்ணீர் இறங்க இறங்க, தவிட்டிக்குப் பயம் ஏறிக்கொண்டே போனது.

தவிட்டி ஒரு கௌதாரி. குட்டைக்கரைப் புதரில் குஞ்சுகளோடு குடியிருந்தாள். நல்லவள். அநியாயத்துக்கு நல்லவள். யார் எதைச் சொன்னாலும் "சரிங்க!" என்று தலையை ஆட்டிவிடுவாள். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால்கூட அதற்கும் ஒரு தடவை ஆட்டி வைப்பாள் என்று காட்டில் கேலி பேசுவார்கள்.

ஆனால் அவள் பயம் கேலிக்குரியது இல்லை. கோடை முற்றினால் குட்டை வற்றிவிடும். அப்புறம் ஒரு வாய் தண்ணீருக்கு நரிமேட்டைத் தாண்டி ஆற்றுக்குப் போக வேண்டும். அந்த மேட்டுக்கு ஏன் அப்படிப் பெயர் வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போன கோடையில் தவிட்டி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு போனாள். போன குஞ்சுகளில் சில திரும்பி வரவில்லை.

இந்த வருஷத்துக் குஞ்சுகளுக்கு இன்னும் சிறகே ஒழுங்காக முளைக்கவில்லை. என்ன செய்வாள் பாவம்!

அப்படிக் கவலையோடு மேய்ந்துகொண்டிருந்தபோதுதான் அந்தக் குளவியைப் பார்த்தாள். குளவி ஈர மண்ணை வாயில் கவ்விக் கொண்டுவந்து, ஒரு குச்சியின் மேல் கூடு கட்டிக்கொண்டிருந்தாள். நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். ஆனால் அதற்கு வயிறு இருந்தது, கழுத்து இருந்தது, அழகாக மடித்துவிட்ட வாயும் இருந்தது.

"அக்கா! இது பானையேதான்!" என்று தவிட்டி வாயைப் பிளந்தாள்.

"பின்னே, பாயா?" என்றாள் குளவி. அவளுக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும்.

"இதையே பெருசா செய்ய முடியுமா அக்கா? குட்டை வத்துறதுக்கு முன்னாடி தண்ணியை மொண்டு, புதருக்குள்ள புதைச்சு வெச்சுக்கிட்டா, நாங்க மேட்டுப் பக்கமே போக வேண்டாம்!"

குளவி கொஞ்சம் யோசித்தாள். "செய்யலாம். ஆனா என் சின்ன உடம்புக்கு அவ்வளவு பெருசா நான் செஞ்சு தர முடியாது. நீங்களே காலால மிதிச்சு, கையால வனையணும். வேணும்னா சொல்லித் தரேன்."

சேதி பரவியது. முயல் வந்தது. முள்ளம்பன்றி வந்தது. அணில்கள் குடும்பத்தோடு வந்தன. எல்லாருக்கும் ஆளுக்கொரு பானை வேண்டுமாம்!

"எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்" என்றாள் குளவி. "நிழல்! வெயில்ல வெச்சு வனைஞ்சா மண்ணு பிளந்துரும். எல்லாரும் சேர்ந்து உக்கார்ற மாதிரி ஒரு நிழலான இடம் பிடிங்க. மத்தது என் பாடு."

இடம் பிடிக்கும் பொறுப்பு தவிட்டி தலையில் விழுந்தது. அவள்தான் எதற்கும் மாட்டேன் என்று சொல்லமாட்டாளே!

முதலில் நரியே வலிய வந்தது. "என் வளை இருக்கே, குளுகுளுன்னு! தாராளமா நடத்திக்கோ. குஞ்சுகளை மறக்காம கூட்டிட்டு வா. சாப்பாடு என் பொறுப்பு!"

தவிட்டியின் தலை பழக்கதோஷத்தில் ஆடத் தொடங்கியது. முயல் அவள் காலை நறுக்கென்று மிதித்தது. "சாப்பாடு யாருக்குன்னு கேளு!" என்றது. நரி உதட்டை நக்கிக்கொண்டது.

அடுத்து புளியமரத்தடி. குரங்குகள் இடம் தரத் தயாராகத்தான் இருந்தன. வகுப்பு நடக்கும்போது மேலேயிருந்து எதையும் எறிய மாட்டோம் என்ற உறுதியை மட்டும் தர மறுத்துவிட்டன.

கடைசியில் ஒரு குகை கிடைத்தது. குகை என்றால் குகை! உள்ளே யானைகூடக் கால் நீட்டிப் படுக்கலாம். அதில் மூன்று குடித்தனம். நடுக்கூடத்தில் மரநாயார். வாசல் பக்கம் மயிலார். கூரை முழுக்க வௌவால் கூட்டம்.

மரநாயார் பொதுக்காரியம் என்றால் உயிரை விடுபவர். அப்படித்தான் அவரே சொன்னார்.

"பானை வகுப்பா? ஆஹா, அருமையான காரியம்! நம்ம குகையிலதான் நடக்கணும்! ஒரே ஒரு சின்ன நிபந்தனை. தரை ஈரமாகக் கூடாது. எனக்கு ஈரம் பட்டா இடுப்புப் பிடிச்சுக்கும். அதனால தண்ணி மட்டும் உள்ளே கொண்டு வராதீங்க."

"சரிங்க!" என்றாள் தவிட்டி.

வெளியே வந்ததும் முள்ளம்பன்றி கேட்டது. "தண்ணி இல்லாம மண்ணை எப்படிப் பிசையறது?"

"குட்டையிலேயே பிசைஞ்சு எடுத்துட்டு வந்துருவோம். இடம் கிடைச்சிருக்கே, அதைப் பாரு!" என்றாள் தவிட்டி. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் பிசைந்த மண்ணை உருட்டிக்கொண்டு எல்லாரும் குகை வாசலுக்கு வந்தார்கள். மயிலார் அலறிவிட்டார்.

"ஐயையோ! சேறு! என் தோகை என்னத்துக்கு ஆகும்? நான் ஆடுற இடம் இது! பானை வகுப்பு வேண்டாம்னு நான் சொல்லலே. தாராளமா நடக்கட்டும். மண்ணு மட்டும் உள்ளே வரக் கூடாது!"

எல்லாரும் தவிட்டியைப் பார்த்தார்கள். தவிட்டி மயிலாரைப் பார்த்தாள். இவ்வளவு பெரிய குகை! இவ்வளவு அருமையான நிழல்! இதைக் கைநழுவ விடுவதா?

"சரிங்க!" என்றாள்.

பிசைந்த மண் வாசலுக்கு வெளியே வெயிலில் கிடந்து, சாயங்காலத்துக்குள் கல்லாகிவிட்டது.

வௌவால்கள் சும்மா இருக்குமா? அவர்களுக்கும் ஒரு கிழட்டுத் தலைவர் இருந்தார். தலைகீழாகத் தொங்கியபடியே பேசினார். "பகல்ல நாங்க தூங்குற நேரம். பானையைத் தட்டுறேன், கொட்டுறேன்னு சத்தம் வரக் கூடாது. அப்புறம், சுடுறேன்னு புகையையும் கிளப்பிடாதீங்க. புகை மேலேதான் வரும். மேலே நாங்கதான் இருக்கோம்."

"சரிங்க! சரிங்க!" இரண்டு நிபந்தனைக்கும் சேர்த்து இரண்டு தடவை ஆட்டினாள்.

"ஏ தவிட்டி!" என்றாள் குளவி. "தண்ணி இல்லே, மண்ணு இல்லே, தட்டக் கூடாது, சுடக் கூடாது. நான் அங்கே என்னத்தைச் சொல்லித் தர்றது? பரதநாட்டியமா?"

"கோவிச்சுக்காதீங்க அக்கா. முதல்ல ஆரம்பிச்சுருவோம். மத்ததை அப்புறம் மெதுவா பேசிப் பார்க்கலாம்."

திறப்பு விழா தடபுடலாக நடந்தது. மயிலார் தோகையை விரித்து வகுப்பைத் திறந்து வைத்தார். மரநாயார் பேசினார். பேசினார் என்றால், நிழல் நீண்டு வாசலைத் தாண்டும்வரை பேசினார். "பானை என்பது வெறும் பானை அல்ல!" என்று தொடங்கி, அது வேறு என்ன என்று சொல்லாமலே முடித்தார். வௌவால்கள் சத்தம் வராமல் கைதட்டின.

பிறகு பாடம் தொடங்கியது.

"மண்ணை எடுங்க!" என்றாள் குளவி, வேண்டுமென்றே.

எல்லாரும் முழித்தார்கள். மரநாயார் உதவிக்கு வந்தார். "எடுத்த மாதிரி வெச்சுக்கங்க! மனசுதானே முக்கியம்!"

ஆக, இல்லாத மண்ணை இல்லாத தண்ணீர் ஊற்றிப் பிசைந்தார்கள். வெறும் காற்றில் கையை வளைத்து வளைத்து வனைந்தார்கள். மரநாயார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய்ப் பார்த்தார்.

"முள்ளம்பன்றி, உன் பானையில கழுத்து கொஞ்சம் கோணல்!"

முள்ளம்பன்றி தன் வெறுங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"ஐயோ, என் பானை கைதவறி விழுந்துருச்சு!" என்றது முயல், நக்கலாக.

"சத்தம் வராம விழுந்துச்சே, அந்த மட்டும் சந்தோஷம்" என்றார் கிழட்டு வௌவால்.

வேடிக்கை என்னவென்றால், வகுப்புக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது! கை அழுக்காகாமல் பானை செய்யலாம் என்றால் யாருக்குக் கசக்கும்? தூரத்திலிருந்து மான்கள் வந்தன. மைனாக்கள் வந்து பானையின் பெருமையைப் பற்றிக் காரசாரமாக விவாதித்தன. பானை செய்பவர்கள் நடக்க வேண்டிய நடை என்று ஒன்றை மயிலார் சொல்லிக் கொடுத்தார். இவ்வளவு பேரைச் சேர்த்தது தவிட்டிதானே என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்தப் பெருமையில் குட்டைப் பக்கம் திரும்பிப் பார்க்கவே மறந்துபோனாள்.

குளவிக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு நாள் யாரையும் கேட்காமல், வாயில் ஈர மண்ணைக் கவ்விக் கொண்டுவந்தாள். குகைச் சுவரில் ஒரு மூலையில் நிஜமான மண்ணில், நிஜமான பானை ஒன்றைக் கட்டி முடித்தாள். "இந்தாங்க! இதுதான் பானை! கண்ணாலயாவது ஒரு தடவை பார்த்துக்கங்க!" என்றாள்.

"மண்ணு! குகைக்குள்ளே மண்ணு!" மயிலார் கூப்பாடு போட்டார். வௌவால்கள் விழித்துக்கொண்டன. மரநாயார் உடனே கூட்டம் போட்டார்.

"விதியை மீறிட்டா. இவளை வெளியே அனுப்பறதைத் தவிர வேற வழியில்லே. இடம் கேட்டு வந்தது நீதான் தவிட்டி. நீ என்ன சொல்றே?"

குகை முழுக்க அவளையே பார்த்தது. குளவியும் பார்த்தாள்.

சொல்லவே எனக்குக் கசக்கிறது. தவிட்டி தலையை ஆட்டிவிட்டாள். மெதுவாகத்தான் ஆட்டினாள். குனிந்துகொண்டுதான் ஆட்டினாள். ஆனால் ஆட்டினாள்.

மரநாயார் நகத்தால் அந்தப் பானையைச் சுரண்டி எறிந்தார். குளவி கொட்டவில்லை. பறந்து போய்விட்டாள். அவள் கொட்டியிருந்தால்கூடத் தவிட்டிக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"இனிமே நீதான் வாத்தியாரம்மா!" என்றார் மரநாயார். எல்லாரும் கைதட்டினார்கள், சத்தமில்லாமல்.

தவிட்டி புதருக்குத் திரும்பினாள். குஞ்சுகளைக் காணோம். பதறியடித்துக்கொண்டு குட்டைக்கு ஓடினாள். தண்ணீர் இருந்த இடமெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. குஞ்சுகள் அந்த வெடிப்புகளுக்குள் அலகை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தன.

"அம்மா, குட்டை எங்கேம்மா போச்சு?" என்று கேட்டது கடைக்குட்டி.

நடுவில் மட்டும் ஒரு சேற்றுக் குழி மிச்சம் இருந்தது. தவிட்டி தன் கால்களைப் பார்த்தாள். இத்தனை நாள் பானை வகுப்பு நடத்தியவள் காலில் பொட்டு மண் இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அழுது என்ன செய்ய? எழுந்து குளவியைத் தேடிப் போனாள்.

குளவி ஒரு கள்ளிச்செடியில் உம்மென்று உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நான் செஞ்சது தப்பு. பெரிய தப்பு."

"கொட்டட்டுமா?"

"சரிங்கக்கா, கொட்டுங்க."

"பார்த்தியா! இதுக்கும் சரிங்கறே!" குளவி சீறினாள். "முதல்ல அந்தத் தலையை ஆட்டுறதை நிறுத்துடி! எனக்குப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது! உனக்கு என்ன வேணும், அதைச் சொல்லு!"

"பானை வேணும்" என்றாள் தவிட்டி. "குட்டையில சேறு இன்னும் கொஞ்சம் இருக்கு. நிழல்தான் இல்லே."

இருவரும் குட்டைக்கு வந்தபோது சேற்றுக் குழியில் எருமை புரண்டுகொண்டிருந்தது. வெயிலுக்கு அது தினமும் அங்கே வரும். மலை மாதிரி உடம்பு. எழுந்து நின்றதும் அதன் பக்கத்தில் ஒரு பெரிய நிழல் விழுந்தது. இந்த நிழல் இத்தனை நாளாக இங்கேயேதான் இருந்திருக்கிறது. குகை தேடிய மும்முரத்தில் இதை யார் பார்த்தார்கள்?

"எருமையத்தை, உங்க நிழல்ல உக்காந்து நாங்க கொஞ்சம் பானை செஞ்சுக்கலாமா?"

"நிழலை நானா செஞ்சேன்? உக்காருங்க" என்றது எருமை. "ஆனா ஒண்ணு. நான் வாலை வீசினா சேறு தெறிக்கும். பரவால்லையா?"

"அதுக்குத்தானே அத்தை வந்திருக்கோம்!"

முயலையும் முள்ளம்பன்றியையும் அணில்களையும் கூப்பிட்டாள். குகையிலிருந்து மற்றவர்கள் யாரும் வரவில்லை. வந்தவர்கள் முழங்கால் சேற்றில் இறங்கி மிதித்தார்கள். எருமையும் கூட நின்று மிதித்தது. குளவி அங்கும் இங்கும் பறந்து திட்டித் தீர்த்தாள். "கனம் அதிகம்! வழிச்சு எடு! ஏய் முயலே, அது பானையா, உன் காதா? தட்டு! நல்லா சத்தம் வர்ற மாதிரி தட்டு!" சூரியன் நகர நகர எருமையும் நகர்ந்தது. அதன் நிழலோடு எல்லாரும் நகர்ந்தார்கள்.

பானைகள் ஓரளவு காய்ந்தன. மலையடிவாரத்தில் கரி சுடுகிற நெருப்பு மூட்டத்திலிருந்து ஒரு கொள்ளிக்கட்டையைப் பருந்து தூக்கிவருவதாக ஏற்பாடு. சருகையும் சுள்ளியையும் அடுக்கும்போது மரநாயாரும் மயிலாரும் வந்து சேர்ந்தார்கள். கூடவே கிழட்டு வௌவால், பகல் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"என்ன தவிட்டி, இப்படி வாத்தியாரம்மாவே சேத்துல இறங்கினா குகைக்கு என்ன மரியாதை?" என்றார் மரநாயார். "போகட்டும். நாங்க பெருந்தன்மையா விட்டுக் கொடுக்கிறோம். இங்கேயே நடத்திக்கோ. ஒரே ஒரு சின்ன நிபந்தனை. சுடாதே. காத்து எங்க பக்கம்தான் அடிக்குது. புகை குகைக்குள்ளே வந்துரும்."

தவிட்டியின் கழுத்து தானாகவே முன்னால் வளைந்தது. முயல் அவள் காலை மிதிக்கப் பார்த்தது. ஆனால் சேற்றில் அவள் கால் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கரையில் குஞ்சுகள் அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. அவள் அவற்றைப் பார்த்தாள். வளைந்த கழுத்து நிமிர்ந்தது.

"முடியாதுங்க!" என்றாள்.

மயிலாருக்குத் தோகை தொங்கிவிட்டது. "என்ன சொன்னே?"

"முடியாதுன்னு சொன்னேங்க. சுடாத பானையில தண்ணி ஊத்தினா பானையே கரைஞ்சு போயிரும். புகை வரத்தான் செய்யும். ஒரு பகல் பொறுத்துக்குங்க. பொறுக்க முடியலேன்னா கோவிச்சுக்குங்க. என் பிள்ளைங்களுக்குத் தண்ணி வேணும்!"

சொல்லி முடித்ததும் அவள் மேலே அண்ணாந்து பார்த்தாள். ஆனால் வானம் இடிந்து விழவில்லை. மரநாயார் முகத்தில் ஈயாடவில்லை, அவ்வளவுதான். மூவரும் திரும்பிப் போய்விட்டார்கள்.

பருந்து கொள்ளியைப் போட்டது. சூளை பற்றிக்கொண்டது. எல்லாரும் கண்ணை இமைக்காமல் பார்த்தார்கள்.

படார்!

முயலின் பானை போயிற்று. படார்! அது முள்ளம்பன்றியுடையது. அணில்களின் சின்னப் பானைகள் பொரி மாதிரி பொரிந்தன. நிழலில் இன்னும் நிறைய நாள் உலர விட்டிருக்க வேண்டிய பானைகள் அவை. உலர விட நாள் ஏது? தணல் ஆறியதும் கிளறிப் பார்த்தார்கள். அடியில் ஒரே ஒரு பெரிய பானை மட்டும் உடையாமல் கிடந்தது. அதுவும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மறுபடி வனையலாம் என்றால், மண் பிசைய ஈரமில்லை. குழியில் ஊறித் தெளிந்திருந்தது ஒரு பானைத் தண்ணீர்தான். அதைக் குடிக்க வைத்துக்கொள்ள வேண்டுமே!

ஆளுக்கொரு பானை என்று கிளம்பியது, ஊருக்கொரு பானையில் வந்து நின்றது.

முயல் தன் பானை ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு தவிட்டியைப் பார்த்தது.

"என்னாலதான்" என்றாள் தவிட்டி. "குகையில கழிச்ச நாளெல்லாம் இங்கே இருந்திருந்தா எல்லாருக்கும் கிடைச்சிருக்கும்."

"ஆமா, உன்னாலதான்" என்றாள் குளவி. ஆறுதல் சொல்லத் தெரியாதவள் அவள். "இப்ப ஒத்துக்கிட்டா உடைஞ்சது ஒட்டிக்குமா? நில்லாதே. தண்ணியை மொள்ளு!"

தெளிந்த தண்ணீரை மொண்டு ஊற்றி, பானையைப் புதருக்குள் கழுத்து வரைக்கும் புதைத்தார்கள். தினமும் ஆளுக்கு ஒரு வாய், அதற்கு மேல் இல்லை என்று பேசி வைத்துக்கொண்டார்கள். தொண்டை காய்ந்தது. ஆனால் உயிர் நின்றது. நரிமேட்டில் நரி வழியைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனது.

கோடையின் உச்சத்தில் மயிலார் தள்ளாடித் தள்ளாடிப் புதருக்கு வந்தார். ஆற்றுக்கு நடந்தால் தோகை புழுதியாகிவிடுமாம். பின்னாலேயே மரநாயார். தவிட்டி இலையை விலக்கி ஆளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாள்.

மயிலார் குடித்துவிட்டு அலகைத் துடைத்துக்கொண்டார். "பானை ஒரு பக்கமா கோணியிருக்கே!" என்றார்.

மரநாயார் பானையைத் தட்டிக் கொடுத்தார். "இருக்கட்டும், இருக்கட்டும். நம்ம குகை வகுப்புல படிச்சவ செஞ்ச பானையாக்கும்! எனக்குப் பெருமையா இருக்கு. இன்னொரு வாய் ஊத்து, தவிட்டி."

"இல்லீங்க" என்றாள் தவிட்டி. "மிச்சம் பிள்ளைங்களுக்கு."

அவர்கள் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். இவளுக்கு இவ்வளவு திமிரா என்று பேசிக்கொண்டே போனது கேட்டது. கேட்டால் கேட்கட்டும்! தவிட்டி குஞ்சுகளைக் கூப்பிட்டாள். அவை ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து, சாய்ந்த பானையின் வாயில் அலகை வைத்துக் குடித்தன.

பிள்ளைகளே, பெரியவர்களே, கேட்டுக்கொள்ளுங்கள்: எல்லாருக்கும் தலையாட்டி ஒரு இடத்தைப் பிடித்தால், வந்த வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அங்கே இடம் இருக்கும்.